கறிவேப்பிலை, வெங்காய வலை, ஒரு பழைய ரூகர் 10/22

காட்டில் கண்ணில் படாமல் கலந்து நிற்கட்டும் என்று என் வேட்டைத் துப்பாக்கிக்கு மூன்றாவது தடவை அடித்த பெயிண்ட் ஆறு வாரமாக உரியாமல் நிற்கிறது. நகத்தால் கீறிப் பார்த்தேன், ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன், காட்டுக்குக் கொண்டுபோய் முள்ளில் உரசியும் பார்த்தாயிற்று. இனிமேல் எழுதலாம். டிசம்பரில் எழுதியிருந்தால் இது வெறும் புலம்பலாகத்தான் இருந்திருக்கும்.

முதலில் துப்பாக்கி. நான் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில். எச்1பி விசாவில் இருந்த வரைக்கும் துப்பாக்கி வாங்குவதைப் பற்றி நினைத்ததுகூட இல்லை. விசாக்காரர்களுக்கு அதில் ஏகப்பட்ட சட்டச் சிக்கல். கிரீன் கார்டு வந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெரியவர் (எண்ணெய்க் கிணற்றில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்) தன்னோடு அணில் வேட்டைக்குக் கூட்டிப்போனார். இங்கே 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக்குப் போக வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். அதை முடித்து, லைசென்ஸ் எடுத்து, 220 டாலருக்கு இந்தப் பழைய ரூகர் 10/22 ரைஃபிளை வாங்கினேன். 1964-லிருந்து வருகிற மாடல், .22 தோட்டா, பத்துத் தோட்டா பிடிக்கிற சின்ன மேகசின், பதினெட்டரை அங்குலக் குழல், தோளில் வைத்துப் பிடிக்கிற மரக்கட்டை. கட்டை முழுக்க முந்தைய சொந்தக்காரர் போட்ட கீறல்கள். பெயிண்ட் அடிக்க மனசு வந்ததற்கு அந்தக் கீறல்கள்தான் காரணம், நல்ல மரமாக இருந்திருந்தால் கை வந்திருக்காது.

அம்மாவிடம் சொன்னபோது வேறு பிரச்சினை. "அணிலையா சுடுற? ராமர் தடவிக் குடுத்த உசுரு அது." இந்த ஊர் அணிலுக்கு முதுகில் மூணு கோடு கிடையாதும்மா, ராமர் இந்தப் பக்கம் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் பேசவில்லை. இப்போதும் வீடியோ காலில் பின்னால் துப்பாக்கி தெரிந்தால் முகம் மாறுகிறது.

இதில் எனக்கு வழிகாட்டி சித்தப்பா. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் இருபத்தைந்து வருடம் பெயிண்ட் அடித்தவர். துப்பாக்கிக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறேன் என்றதும், "கன்னுக்கே கன்னு புடிக்கிறயா கண்ணு" என்று சிரித்தார். அவர்களுக்குக் 'கன்' என்றால் ஸ்ப்ரே கன்தான்.

நவம்பர் கடைசி வாரம், தேங்ஸ்கிவிங் விடுமுறையில் ஆரம்பித்தேன். மேகசினைக் கழற்றி, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளுகிற உலோகத் துண்டு) பின்னுக்கு இழுத்துப் பிடித்து, குழலில் தோட்டா உட்காருகிற அறைக்குள் ஒன்றும் இல்லை என்று கண்ணால் ஒரு தடவை, சுண்டுவிரலை விட்டு ஒரு தடவை பார்த்தேன். தோட்டா டப்பா எல்லாம் வீட்டுக்குள் பூட்டில். மூன்று மாதத்தில் எத்தனை தடவை இதைக் கையில் எடுத்தேனோ அத்தனை தடவையும் இதைச் செய்தேன். பெயிண்ட் வேலையில் கவனம் போனால் கையில் இருப்பது துப்பாக்கி என்பதே மறந்துபோகிறது, இரண்டாவது வாரம் குழல் முனையை முகத்துக்கு நேரே பிடித்து வழிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

10/22-ஐக் கழற்றுவது எளிது. குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டையின் திருகைத் தளர்த்தி முன்னால் உருவ வேண்டும், மேகசின் குழிக்கு முன்னால் இருக்கிற ஒரே திருகைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எனக்கு வரவில்லை. இருபது நிமிடம் இழுத்தேன், ரப்பர் சுத்தியலைத் தேடும் நிலைக்குப் போய்விட்டேன். விஷயம் என்னவென்றால், தவறிச் சுடாமல் தடுக்கிற சேஃப்டி பொத்தான் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்க வேண்டும். அப்போதுதான் அது கட்டையில் இடிக்காமல் வெளியே வரும். நடுவில் வைத்து, குழல் முனையை முதலில் தூக்கினேன், வெண்ணெய் மாதிரி வந்தது.

அடுத்தது எண்ணெய் எடுப்பது. துப்பாக்கி என்றாலே எண்ணெய்தான், வருடக்கணக்காகத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு இடுக்கிலும் ஊறியிருக்கும். பாத்திரம் கழுவுகிற சோப்பை வெந்நீரில் கரைத்து கட்டையைத் துடைத்தேன், குழலையும் உலோக உடலையும் 91 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன். வெள்ளைத் துணி கறுப்பாவது நிற்கும் வரை துடைக்க வேண்டும், எனக்கு ஒன்பது துணி ஆனது. இங்கே ஒரு முட்டாள்தனம். கட்டையின் பின் முனையில் இருக்கிற பிளாஸ்டிக் தகடு சீக்கிரம் சுத்தமாகட்டுமே என்று அசிட்டோன் போட்டேன். அது வெளுத்து, விரல் ஒட்டுகிற பதத்துக்கு இளகிவிட்டது. இப்போதும் உற்றுப் பார்த்தால் என் கட்டைவிரல் ரேகை பெயிண்டுக்கு அடியில் தெரியும்.

மூட வேண்டியதை மூடினேன். குழல் வாயில் காதில் வைக்கிற நுரை அடைப்பான், ஒரு பெட்டி வாங்கினால் ஐம்பது வரும், கச்சிதமாக உட்காருகிறது. தோட்டா வெளியே வருகிற வாய்க்கு நீல டேப், மேகசின் குழிக்குள் நுரைத் துண்டு, குறி பார்க்கிற முன் பின் முனைகளுக்கு டேப். வரிசை எண் பொறித்த இடத்தையும் மூடினேன். அதை அழிப்பதும் மாற்றுவதும் இங்கே மத்திய அரசுக் குற்றம். பெயிண்ட் அடிப்பது அழிப்பது ஆகாதுதான், ஆனாலும் எனக்கு எதற்கு வம்பு, எண் எப்போதும் வாசிக்கிற மாதிரி இருக்கட்டும்.

கடையில் வாங்கியது கேமஃப்ளாஜ் என்றே போட்டிருக்கிற, பளபளப்பே இல்லாத ஸ்ப்ரே: காக்கி, மண் பிரவுன், அடர் பச்சை. ஒவ்வொன்றும் 12 அவுன்ஸ் டப்பா, எட்டு டாலர் சுமார். அமெரிக்கப் படை 1981-லிருந்து போட்ட பழைய வுட்லாண்ட் (காட்டு நிற) உடுப்பில் கறுப்பும் உண்டு, நான் கறுப்பு வாங்கவில்லை. குழல் ஏற்கெனவே கறுப்பாகத்தானே இருக்கிறது என்பது என் கணக்கு. அது தப்புக் கணக்கு என்று பின்னால் தெரிந்தது, ஏனென்றால் முதல் பூச்சிலேயே எல்லாம் காக்கியாகிவிடும், பிறகு கறுப்புக்கு எங்கே போவது.

அன்றைக்கு வெளியே காற்று. கராஜ் கதவை மூடிவிட்டு உள்ளேயே அடிக்கலாம் என்று டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது பெரியவர் வந்தார், மூலையைக் காட்டினார். அங்கே கேஸ் வாட்டர் ஹீட்டர், அடியில் எப்போதும் எரிகிற சின்னச் சுடர். ஸ்ப்ரே டப்பாவிலிருந்து வருவது எரியும் வாயு. மூடிய அறையில் மூன்று டப்பா காலி பண்ணியிருந்தால் இந்தப் பதிவை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும். அன்றிலிருந்து எல்லாம் கொல்லைப்புறத்தில், வேலி ஓரம், துணி மாட்டுகிற கம்பியில் தொங்கவிட்டு. அன்று மாலையே 35 டாலருக்குக் கரித்தூள் வடிகட்டி வைத்த முகமூடியும் வாங்கினேன். கோவிட் காலத்து வெள்ளை முகமூடி தூசிக்குத்தான், பெயிண்ட் ஆவியை அது தடுக்காது.

முதல் முயற்சி, காக்கி அடித்தளம். டப்பாவை ஐந்து அங்குலத்தில் பிடித்தேன், குழலில் இரண்டு இடத்தில் வழிந்தது. வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "தூரமாப் புடி. கை நிக்கக் கூடாது. ஆரம்பிக்கறதும் வெளிய, முடிக்கறதும் வெளிய, நடுவால பொருளு வந்துட்டுப் போகோணும், அவ்வளவுதேன்." அதாவது பொத்தானைத் துப்பாக்கிக்கு வெளியே காற்றில் அழுத்த ஆரம்பித்து, ஒரே வேகத்தில் இழுத்து, மறுமுனை தாண்டி வெளியே விட வேண்டும். ஒரு அடி தூரத்தில் பிடித்து அப்படிச் செய்தபோது தூவின மாதிரி விழுந்தது. ஒரே பூச்சில் மூடப் பார்க்கக் கூடாது, முதல் பூச்சில் அடிநிறம் கொஞ்சம் தெரியத்தான் வேண்டும். எனக்கு மூன்று பூச்சு (கோட்) ஆனது. குளிர் நாளில் டப்பாவைக் கைச்சூட்டுக்கு மேல் போகாத வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் துப்பாமல் சீராக வருகிறது.

காக்கி காய்ந்து ஒரு மணி நேரத்துக்குள், டிசைன். இந்தியக் கடையில் பத்துப் பவுண்டு வெங்காயம் வருமே, அந்தச் சிவப்பு வலைப்பை. அதை வெட்டி கட்டையைச் சுற்றி இழுத்துக் கட்டி, மேலே பிரவுன் தூவினேன். வலையை எடுத்ததும் பாம்புத்தோல். எனக்கே பெருமை தாங்கவில்லை, நாலு பேருக்குப் படம் அனுப்பினேன். அப்புறம் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பி, மிச்சம் இருந்த பச்சையை அடித்தேன்.

இரண்டு நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது நிமிடம், கட்டையின் கன்னம் படுகிற இடத்தில் ஒரு சின்னச் சுருக்கம். ஆறின பாலில் ஆடையைக் கரண்டியால் தள்ளினால் எப்படி மடியும், அப்படி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கோடு கோடாகப் பரவி, கைப்பிடி வரைக்கும் வந்து, நிலக்கடலை ஓடு மாதிரி ஆனது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சின்ன எழுத்தில், அடுத்த கோட் ஒரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் 48 மணி நேரம் கழித்து. நான் அடித்தது ஐந்து மணி நேரத்தில். மேல்தோல் காய்ந்து அடி இன்னும் பச்சையாக இருக்கிற நேரம், புதுப் பெயிண்டின் கரைப்பான் உள்ளே இறங்கி அடியைத் தூக்கிவிடுகிறது. டப்பா மேல் குற்றமே இல்லை, படிக்காதது நான்தான்.

உரிப்பதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. உலோகத்துக்குத் தின்னரும் துணியும் போதும். மரத்தில் 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 220-ல் முடித்தேன், மூன்று மணி நேரம். தொழிற்சாலையில் பூசிய பழைய பூச்சும் சேர்ந்து போய் சில இடங்களில் வெறும் மரம் தெரிந்துவிட்டது. வெறும் மரத்தில் நேரே அடித்தால் நார் நாராகத் தூக்கும் என்று சித்தப்பா சொன்னதால் கட்டைக்கு மட்டும் ஏழு டாலர் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு டப்பா.

இரண்டாவது முயற்சி டிசம்பர் நடுவில். இந்தத் தடவை வெங்காய வலை வேண்டாம், அது எல்லோரும் செய்கிற மாதிரி இருக்கிறது (இங்கே துணி துவைக்கிற வலைப்பையை வைத்துச் செய்வார்கள்), இலையை வைத்து அடிக்கலாம் என்று யோசித்தேன். வீட்டில் இருந்த ஒரே உருப்படியான இலை, குளிருக்குப் பயந்து உள்ளே எடுத்து வைத்திருந்த கறிவேப்பிலைச் செடி. ஹூஸ்டனில் அந்தச் செடியை வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதிலிருந்து ஒரு கொத்து கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று. கேட்கவில்லை, வெட்டிவிட்டேன். மூன்று கொத்து.

காக்கி மேல் கொத்தைப் படிய வைத்து, ஈர்க்கை ஒரு சின்ன டேப்பால் பிடித்து, மேலே பச்சை தூவல். கொத்தை நகர்த்தி, பிரவுன் தூவல். மறுபடி நகர்த்தி, பச்சை. எல்லாம் 55 நிமிடத்துக்குள், கைபேசியில் அலாரம் வைத்து. இலையை உரித்து எடுத்தபோது வந்ததைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இலையும் தன் காம்போடு, நுனி சற்றே வளைந்து, காக்கி நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது. இலை கட்டையோடு ஒட்டாமல் தூக்கி நின்ற இடத்தில் ஓரம் புகை மாதிரி மங்கி, ஒட்டிய இடத்தில் கத்தி மாதிரி கூர்ந்து. கொத்து மேல் கொத்து விழுந்த இடத்தில் மூன்று ஆழம் தெரிந்தது. என் வாழ்க்கையில் கையால் செய்த மிக அழகான பொருள் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வேட்டைக்கு அது உதவவில்லை.

பெரியவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஓக் மரத்தடியில் சாத்தி வைத்துவிட்டு 25 கெஜம் தள்ளி வந்து திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் ஒரு இருண்ட கம்பு நின்றது. நேராக, ஒரே தடிமனில், கறுப்பாக. இலையும் இல்லை, கொத்தும் இல்லை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, கைபேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் என் பச்சையும் பிரவுனும் ஒரே சாம்பல். அந்த இரண்டு நிறத்தின் நடுவே அரை அங்குல இலைகள் ஆயிரம் இருந்தும், தூரத்தில் எல்லாம் கலந்து ஒரே அடர் நிறமாகி, துப்பாக்கியின் உருவம் முழுசாகத் தெரிந்தது. கிட்டே நின்று பார்த்து ரசிக்கிறதற்கு அடித்திருக்கிறேன், பட்டுப்புடவை பார்டர் மாதிரி. ஒரு அடி தூரத்திலிருந்து பார்க்கப் போவது நான் ஒருவன்தான், அணில் இல்லை.

போதாததற்கு இன்னொரு குறை. குழலையும் கட்டையையும் தனித்தனியாகத் தொங்கவிட்டு அடித்தேன் இல்லையா, மாட்டினதும் இரண்டுக்கும் நடுவில் நீளமாக ஒரு கோடு. மேலே ஒரு டிசைன், கீழே ஒரு டிசைன், வேட்டிக்கும் சட்டைக்கும் நடுவே தெரிகிற பட்டாபட்டி மாதிரி. கண் நேரே அந்தக் கோட்டுக்குத்தான் போகிறது.

மூன்று வாரம் தொடவில்லை. அதை உரிக்க மனசு வரவில்லை, அதுதான் உண்மை. கடைசியில் உரிக்கவும் இல்லை. 48 மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டதே, லேசாகச் சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் போட்டுத் தேய்த்து, அதன் மேலேயே அடித்தேன்.

மூன்றாவது முயற்சி ஜனவரி இரண்டாவது வாரம். இந்தத் தடவை நாள் பார்த்தேன். ஹூஸ்டன் காற்று சென்னைக் காற்றுக்கு அண்ணன், காலையில் ஈரப்பதம் 85, 90 என்று நிற்கும். டப்பா கேட்பது 65-க்குக் கீழே, வெப்பம் 50-லிருந்து 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள். 11 டாலருக்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி வேலியில் மாட்டினேன். இங்கே குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஒரு வறண்ட காற்று திடீரென்று வந்து இரண்டு நாள் வானத்தைத் துடைத்துவிட்டுப் போகும், நார்தர் என்பார்கள். அது வந்த மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு 58 டிகிரி, ஈரப்பதம் 41. லீவு போட்டேன். மேனேஜரிடம் வீட்டில் பெயிண்ட் வேலை என்று சொன்னேன், பொய்யில்லை.

துப்பாக்கியை முழுசாக மாட்டி, மூட வேண்டியதை மூடி, அப்படியே தொங்கவிட்டேன். காக்கியைத் துப்பாக்கி முழுக்க அடிக்காமல் திட்டுத் திட்டாக, ஐந்தாறு அங்குல நீளத்துக்கு, சாய்வாக, குழலில் ஆரம்பித்துக் கட்டையில் முடிகிற மாதிரி அடித்தேன். முக்கியம் அந்தச் சாய்வு. துப்பாக்கியின் எல்லாக் கோடும் நீளவாக்கில் ஓடுகிறது, அதைக் குறுக்கே வெட்டினால்தான் உருவம் உடைகிறது. காக்கித் திட்டின் மேல் பைன் ஊசிகள். கிழக்கு டெக்சாஸ் காட்டில் இருப்பது பெரும்பாலும் லாப்லாலி பைன், மூன்று மூன்று ஊசியாகக் கொத்து, ஒவ்வொன்றும் ஆறிலிருந்து ஒன்பது அங்குலம். முந்தைய வாரம் காட்டிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தேன். அதை விசிறி மாதிரி விரித்து வைத்து, மேலே அடர் பச்சையும் பிரவுனும் பெரிய திட்டாக. திட்டுக்கும் திட்டுக்கும் நடுவில் வெளிச்ச நிறமும் இருட்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் விழுகிற மாதிரி பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் இருபத்தைந்து அடி எடுத்து வைத்துப் பின்னால் போய், படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். 40 நிமிடத்தில் முடிந்தது. சில இடங்களில் அடியிலிருந்து ஒரு கறிவேப்பிலை எட்டிப் பார்க்கிறது, கைப்பிடிக்குப் பின்னால் ஒன்று முழுசாகவே இருக்கிறது, அதை வேண்டுமென்றே விட்டேன்.

மேட் கிளியர், அதாவது பளபளப்பில்லாத நிறமற்ற மேல்பூச்சு, 48 மணி நேரம் கழித்து. அதற்குள் நார்தர் போய்விட்டது, ஈரப்பதம் 80-க்கு மேல். அட்டையில் அடித்துப் பார்த்தேன், வெள்ளையாகப் பூத்தது. "ஈரங்காத்துல அடிக்காத" என்று சித்தப்பா அப்போதே சொன்னதுதான். ஐந்து நாள் காத்திருந்து, 52 காட்டிய ஒரு மத்தியானம் இரண்டு மெல்லிய கோட் அடித்தேன். பிறகு ஒரு வாரம் கராஜில் தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன். தொட்டால் ஒட்டவில்லை என்பது வேறு, உள்ளே இறுகியிருப்பது வேறு. டிசம்பரில் இரண்டாவது நாளே உறையில் போட்டுத் துணியின் நெசவு கட்டையில் பதிந்ததை இதுவரை சொல்லவில்லை.

டேப் எடுத்ததும் சில்லறைத் தொல்லைகள். சேஃப்டி பொத்தானை மூட மறந்திருக்கிறேன். அதில் சுடத் தயார் என்று காட்டுகிற சிவப்பு வளையம் காக்கிக்கு அடியில் போய்விட்டது. இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். காது குடைகிற பஞ்சில் அசிட்டோன் தொட்டு அரை மணி நேரம் துடைத்துச் சிவப்பை மீட்டேன். போல்ட் கைப்பிடியில் அடித்தது பத்தாவது இழுப்பிலேயே உரிந்தது, அது எதிர்பார்த்ததுதான்.

பெரிய தப்பு ஸ்கோப், குறி பார்க்கிற தொலைநோக்கி. பெயிண்டுக்காக ஸ்கோப்பைக் கழற்றி வைத்திருந்தேன், ஸ்கோப் உட்காருகிற மேல் பட்டையிலும் பெயிண்ட் விழுந்துவிட்டது. அதன் மேலேயே ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையத்தை முறுக்கினேன். 25 கெஜத்தில் முதல் ஐந்து தோட்டா மூன்று அங்குலம் வலது. சரி பண்ணினேன். அடுத்த ஐந்து நடுவில், அதற்கடுத்த ஐந்து மறுபடி நகர்கிறது. வளையத்துக்கு அடியில் பெயிண்ட் நசுங்கிக்கொண்டே இருக்கிறது. கழற்றி, பட்டையைச் சுத்தமாகச் சுரண்டி, உலோகத்தில் உலோகம் படும்படி மாட்டினேன். பிறகு நகரவில்லை. மொத்தம் 40 தோட்டா செலவு.

செலவுக் கணக்கு: மூன்று நிறமும் கிளியரும் 32 டாலர், வீணாக்கியதால் இன்னொரு காக்கி 8, பிரைமர் 7, டேப் 6, ஆல்கஹால் 4, உப்புத்தாள் 6, முகமூடி 35, ஈரப்பதமானி 11. ஆக 109. முதல் தடவையே ஒழுங்காகச் செய்திருந்தால் 88. கடையில் செராகோட் போடக் கேட்டதற்கு 300-க்கு மேல் சொன்னார்கள், அது அடுப்பில் சுட்டு இறுக்குகிற பூச்சு, பல வருடம் நிற்கும். இது நிற்காது, ஆனால் இதை நானே மறுபடி அடித்துக்கொள்ளலாம். என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜனவரி கடைசி வாரம் சாம் ஹூஸ்டன் தேசியக் காட்டுக்குப் போனோம். கிழக்கு டெக்சாஸில் குளிர்கால அணில் சீசன் பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. இதில் ஒரு வேடிக்கை, பொதுக் காட்டில் துப்பாக்கியோடு போகிறவர் மேலே 400 சதுர அங்குலம் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சுத் துணி இருக்க வேண்டும், தலையிலும் ஆரஞ்சு. இரண்டு மாதம் பாடுபட்டு மறைத்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, சாமந்திப்பூ மாலை போட்ட மாதிரி நடக்கிறேன். அணிலுக்கு ஆரஞ்சு நமக்குத் தெரிகிற மாதிரி தெரியாது, சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண் அது. அசைவும் உருவமும்தான் அதைக் கிளப்பிவிடும். ஆக வேலை வீண் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தெர்மாஸைத் திறக்கத் துப்பாக்கியைப் பைனில் சாத்தியபோது பத்து அடியிலேயே குழல் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருந்தது. அன்று நான் ஒன்றும் சுடவில்லை. அம்மாவிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார்.

அடுத்த தடவை மாற்றப் போவது: ஸ்கோப்பைக் கழற்றாமல் கண்ணாடிகளையும் திருகுகளையும் மட்டும் மூடி அதோடு சேர்த்தே அடிப்பேன் (இப்போது கறுப்பு ஸ்கோப் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது, ஒட்டாமல் தன்மேல் தானே பிடிக்கிற துணி டேப்பைச் சுற்றியிருக்கிறேன்). ஆரம்பத்திலிருந்தே முழுசாக மாட்டிய நிலையில் அடிப்பேன். காக்கியை விட இன்னும் வெளிறிய மணல் நிறம் ஒன்று சேர்ப்பேன். கறிவேப்பிலையைக் கேட்டு வாங்குவேன்.

மிச்சம் ஒரு வேலை இருக்கிறது. 10/22-ஐப் பின்னாலிருந்து சுத்தம் செய்ய முடியாது, உடல் அடைத்திருக்கும், குழல் வாய் வழியாகத்தான் கம்பியை விட வேண்டும். வேட்டை முடிந்து சுத்தம் செய்தபோது கரைப்பான் ஒரு சொட்டு வாயில் வழிந்து, எட்டணாக் காசு அளவுக்குப் பெயிண்ட் கரைந்து உலோகம் தெரிகிறது. இரண்டு தூவல், ஒரு கிளியர், பத்து நிமிட வேலை. டப்பா தயாராக இருக்கிறது. வேலியில் மாட்டிய ஈரப்பதமானி இன்று காலை 83.